ஆல்கீன் வினைகள்: 'முதலில் ஒட்டுவது எது?' என்று கேட்டுப் படிக்கும் முறை

ஆல்கீன் (கார்பன் - கார்பன் இரட்டைப் பிணைப்பு கொண்ட ஹைட்ரோகார்பன்) பாடத்தில் பெரும்பாலானோர் தடுமாறுவது வினைகள் கடினமாக இருப்பதால் அல்ல. பன்னிரண்டு வினைகளையும் பன்னிரண்டு தனிச் செய்திகளாக மனப்பாடம் செய்வதால்தான். ஹைட்ரஜன் புரோமைடு ஒரு பக்கம் சேருகிறது, பெராக்சைடு போட்டால் மறுபக்கம் சேருகிறது, போரான் வந்தால் இன்னொரு கதை. தேர்வுக்கு முந்தைய இரவு எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிவிடும்.

ஒவ்வொரு வினையிலும் ஒரே கேள்வியைக் கேட்டால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீரும்: இரட்டைப் பிணைப்பில் முதலில் ஒட்டுவது எது? கீழே உள்ள வரிசை அந்தக் கேள்வியை மையமாக வைத்தது. பாடநூல்கள் தயாரிப்பு முறைகளை முதலில் வைக்கும். நான் அதைக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன். ஏன் என்று அந்த இடத்தில் சொல்கிறேன்.

1. தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

மூன்றே விஷயங்கள். நிலையான மூலக்கூறில் கார்பனுக்கு நான்கு பிணைப்பு, அதற்கு மேலும் இல்லை, குறைவும் இல்லை. ஆல்கேன்களுக்குப் பெயரிடத் தெரிய வேண்டும். ஓரிணைய, ஈரிணைய, மூவிணைய கார்பன் (முறையே ஒன்று, இரண்டு, மூன்று கார்பன்களோடு இணைந்தது) எது என்று பார்த்தவுடன் சொல்லத் தெரிய வேண்டும். மூன்றாவது தெரியாமல் இந்தப் பாடத்தைத் தொடங்கினால் ஐந்தாவது படியில் நின்றுவிடுவீர்கள்.

பேனாவும் தாளும் பக்கத்தில் இருக்கட்டும். இந்தக் கட்டுரையில் சேர்மங்களைப் பெயராகத்தான் எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றையும் நீங்களே வரைந்து பார்த்தால்தான் எந்தக் கார்பனில் எத்தனை ஹைட்ரஜன் இருக்கிறது என்பது கண்ணில் படும்.

2. இரட்டைப் பிணைப்பைச் சரியாக வரையுங்கள்

இரட்டைப் பிணைப்பின் இரண்டு கோடுகளும் ஒரே மாதிரி அல்ல. ஒன்று சிக்மா, இன்னொன்று பை. கார்பன் - கார்பன் ஒற்றைப் பிணைப்பை உடைக்க மோலுக்குச் சுமார் 350 கிலோஜூல் வேண்டும். இரட்டைப் பிணைப்பை முழுதாக உடைக்கச் சுமார் 610. கழித்துப் பார்த்தால் பை பிணைப்பின் பங்கு சுமார் 260தான். ஆல்கீன் வினைபுரியும்போது பை மட்டும் உடைந்து சிக்மா நிலைத்திருப்பதற்கு இதுவே காரணம். அதனால்தான் இங்கே நடப்பவை பெரும்பாலும் சேர்க்கை வினைகள்.

பை எலக்ட்ரான்கள் மூலக்கூறின் தளத்துக்கு மேலும் கீழும் பரவியிருக்கின்றன. இரண்டு கருக்களுக்கு நடுவில் இறுக்கமாக இல்லாததால், எலக்ட்ரான் குறைவாக உள்ள எதுவும் அவற்றை எளிதில் அணுகும்.

பொதுவான பிழை: கார்பன்களை ஒரே நேர்க்கோட்டில் வரைவது. இரட்டைப் பிணைப்புக் கார்பனைச் சுற்றிக் கோணம் ஏறத்தாழ 120 பாகை. அந்தச் சாய்வோடு வரையாவிட்டால் சிஸ் (தொகுதிகள் ஒரே பக்கம்), டிரான்ஸ் (எதிரெதிர்ப் பக்கம்) வேறுபாடு தாளில் தெரியவே தெரியாது.

3. பெயரும் மாற்றியங்களும் (ஒரே வாய்பாடு, வேறு அமைப்பு)

எண்ணிடும்போது இரட்டைப் பிணைப்புக்குத்தான் முன்னுரிமை, கிளைக்கு அல்ல. 2-மெத்தில்பியூட்-3-ஈன் என்று எழுதினால் தவறு. எதிர் முனையிலிருந்து எண்ணி 3-மெத்தில்பியூட்-1-ஈன் என்று எழுத வேண்டும். கிளையின் எண் பெரிதானால் ஆகட்டும்.

சிஸ் - டிரான்ஸ் இருக்கிறதா என்று பார்க்க ஒரே சோதனை போதும்: இரட்டைப் பிணைப்பில் உள்ள ஒவ்வொரு கார்பனிலும் இரண்டு வெவ்வேறு தொகுதிகள் இருக்க வேண்டும். ஒரு கார்பனில் மட்டும் இருந்தால் போதாது. பியூட்-2-ஈனுக்கு உண்டு. பியூட்-1-ஈனுக்கு இல்லை, ஏனென்றால் முதல் கார்பனில் இரண்டும் ஹைட்ரஜன். 2-மெத்தில்பியூட்-2-ஈனுக்கும் இல்லை, ஒரு பக்கம் இரண்டும் மெத்தில்.

நான்கு கார்பன், எட்டு ஹைட்ரஜன் கொண்ட ஆல்கீன்கள் எத்தனை என்று கேட்டால் மூன்று என்பார்கள் பலர். சிஸ், டிரான்ஸ் இரண்டையும் தனித்தனியே எண்ணினால் நான்கு. 'மாற்றியங்கள் எத்தனை' என்று பொதுவாகக் கேட்டால் சைக்ளோபியூட்டேன், மெத்தில்சைக்ளோபுரோப்பேன் இரண்டும் சேர்ந்து ஆறு. கார்பனைப் போல இரு மடங்கு ஹைட்ரஜன் இருந்தாலே ஆல்கீன் என்று முடிவு கட்டக் கூடாது. வளைய ஆல்கேனுக்கும் அதே வாய்பாடுதான்.

4. நிலைப்புத்தன்மை: ஒரு சின்ன நிறுத்தம்

பியூட்-1-ஈன், சிஸ்-பியூட்-2-ஈன், டிரான்ஸ்-பியூட்-2-ஈன் மூன்றும் ஹைட்ரஜனேற்றம் அடைந்தால் கிடைப்பது பியூட்டேன்தான். ஆனால் வெளிப்படும் வெப்பம் முறையே மோலுக்குச் சுமார் 127, 120, 116 கிலோஜூல். குறைந்த வெப்பத்தை வெளியிடுவது ஏற்கெனவே தாழ்ந்த ஆற்றலில் இருக்கிறது, அதாவது அதிக நிலைப்புடையது. இரட்டைப் பிணைப்பில் ஆல்கைல் தொகுதிகள் கூடக்கூட நிலைப்பு கூடும். சிஸ்ஸைவிட டிரான்ஸ் நிலையானது, பெரிய தொகுதிகள் ஒரே பக்கம் நெருக்கிக்கொள்ளாததால். இது பதினோராம் படியில் தேவைப்படும்.

5. ஒரே ஒரு வினையை முழுமையாகப் படியுங்கள்: புரோப்பீனும் ஹைட்ரஜன் புரோமைடும்

இங்கே நேரம் செலவழியுங்கள். இதை ஆழமாகப் புரிந்துகொண்டால் மற்றவற்றுக்குப் பாதி உழைப்பு போதும்.

முதல் அடி: ஹைட்ரஜன் புரோமைடில் ஹைட்ரஜன் சற்றே நேர்மின் தன்மையோடு இருக்கிறது. புரோப்பீனின் பை எலக்ட்ரான்கள் அந்த ஹைட்ரஜனைப் பிடிக்கின்றன. ஹைட்ரஜன் - புரோமின் பிணைப்பு உடைந்து புரோமைடு அயனி விலகுகிறது. ஆக, முதலில் ஒட்டியது ஹைட்ரஜன்.

அது ஒட்டக்கூடிய கார்பன்கள் இரண்டு. முனைக் கார்பனில் ஒட்டினால் நேர்மின்சுமை நடுக்கார்பனில் விழும். அது ஈரிணைய கார்பன் நேரயனி. நடுக்கார்பனில் ஒட்டினால் சுமை முனையில் விழும். அது ஓரிணைய நேரயனி. ஆல்கைல் தொகுதிகள் எலக்ட்ரானைத் தந்து சுமையைப் பரவலாக்குவதால் மூவிணைய, ஈரிணைய, ஓரிணைய என்ற வரிசையில் நிலைப்பு குறையும். எனவே ஹைட்ரஜன் முனைக் கார்பனுக்கே போகிறது.

இரண்டாம் அடி: புரோமைடு அயனி நேர்மின் கார்பனில் வந்து இணைகிறது. கிடைப்பது 2-புரோமோபுரோப்பேன்.

மார்கோவ்னிகாஃப் விதி இதைத்தான் சொல்கிறது. 'அதிக ஹைட்ரஜன் உள்ள கார்பனுக்கே ஹைட்ரஜன் போகும்' என்ற வடிவத்தில் மட்டும் அதை மனப்பாடம் செய்யாதீர்கள். 2-மெத்தில்பியூட்-2-ஈன் போன்ற எளிய ஆல்கீனில் அது சரியாக வேலை செய்யும். அடுத்த பத்தியில் வரும் ஆல்கீனில் கைவிட்டுவிடும். 'நிலையான நேரயனி எதுவோ அதன் வழியே' என்ற வடிவம் எங்கும் கைகொடுக்கும்.

3-மெத்தில்பியூட்-1-ஈனை எடுங்கள். ஹைட்ரஜன் 1ஆம் கார்பனில் ஒட்ட, சுமை 2ஆம் கார்பனில் வருகிறது. பக்கத்திலேயே 3ஆம் கார்பன். அதிலிருந்து ஒரு ஹைட்ரஜன் தன் எலக்ட்ரான் இணையோடு 2க்கு நகர்ந்தால் சுமை 3க்குப் போய் மூவிணைய நேரயனி ஆகிவிடும். அப்படித்தான் நடக்கிறது. முதன்மை விளைபொருள் 2-புரோமோ-2-மெத்தில்பியூட்டேன். விதியை மட்டும் நம்பியவர் 2-புரோமோ-3-மெத்தில்பியூட்டேனோடு நின்றுவிடுவார். கார்பன் நேரயனி எழுதியவுடன் பக்கத்துக் கார்பனை ஒருமுறை பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

வளைந்த அம்புக்குறியில் வரும் பிழை: ஹைட்ரஜனிலிருந்து இரட்டைப் பிணைப்புக்கு அம்பு போடுவது. அம்பு காட்டுவது எலக்ட்ரான் போகும் பாதை. எலக்ட்ரான் இருப்பது இரட்டைப் பிணைப்பில். அம்பின் வால் அங்கே, தலை ஹைட்ரஜனில்.

6. எல்லா வினைகளையும் நான்கு கூட்டமாகப் பிரியுங்கள்

சரி, இப்போது பட்டியலுக்கு வரலாம். வினைபொருளின் பெயரை வைத்துப் பிரிக்காமல், நடுவில் உருவாகும் இடைநிலைப் பொருளை வைத்துப் பிரியுங்கள்.

கார்பன் நேரயனி வழி: ஹைட்ரஜன் ஹாலைடுகள், அமில வினைவேகமாற்றியுடன் நீர், அடர் கந்தக அமிலம். மார்கோவ்னிகாஃப் விதி பொருந்தும், இடமாற்றம் (ஐந்தாம் படியில் ஹைட்ரஜன் பக்கத்துக் கார்பனுக்கு நகர்ந்தது போல) நடக்கலாம்.

மூன்றணு வளைய வழி: புரோமின், குளோரின். எதிரெதிர்ப் பக்கங்களில் சேரும், இடமாற்றம் பொதுவாக இல்லை.

ஒரே பக்கமாகச் சேரும் வழி: நிக்கல் அல்லது பிளாட்டினம் பரப்பில் ஹைட்ரஜன், குளிர்ந்த பெர்மாங்கனேட், போரான் ஹைட்ரைடு. கார்பன் நேரயனி இல்லாததால் இடமாற்றம் இல்லை.

தனி உறுப்பு (இணை சேராத எலக்ட்ரான் கொண்ட துகள்) வழி: பெராக்சைடுடன் ஹைட்ரஜன் புரோமைடு.

ஒரு வினை எந்தக் கூட்டம் என்று தெரிந்தால், எந்தக் கார்பன், எந்தப் பக்கம், இடமாற்றம் உண்டா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை அதிலேயே வந்துவிடும்.

7. புரோமின்: வினையும் சோதனையும்

முதலில் ஒட்டுவது ஒரு புரோமின். அது இரண்டு கார்பன்களையும் பிடித்துக்கொண்டு மூன்றணு வளையமாக, நேர்மின்சுமையோடு நிற்கிறது. ஒரு பக்கம் அடைபட்டதால் புரோமைடு அயனி பின்பக்கமாகத்தான் வர முடியும். சைக்ளோஹெக்சீனில் டிரான்ஸ்-1,2-டைபுரோமோசைக்ளோஹெக்சேன் கிடைப்பது இதனால்.

கரைப்பான் முக்கியம். கார்பன் டெட்ராகுளோரைடில் எத்தீன் 1,2-டைபுரோமோஎத்தேன் தரும். புரோமின் நீரில் நீர் மூலக்கூறுகளே மிக அதிகம். இரண்டாவதாக வருவது பெரும்பாலும் நீர். எனவே முதன்மை விளைபொருள் 2-புரோமோஎத்தனால். புரோப்பீனானால் 1-புரோமோபுரோப்பன்-2-ஆல்: முதலில் வந்த புரோமின் முனையில், பின்னால் வந்த ஆக்சிஜன் நடுவில்.

சோதனையில் செம்பழுப்பு நிறம் உடனே மறைய வேண்டும், வெளிச்சத்தின் உதவி இல்லாமல். ஆல்கேனும் வெளிச்சத்தில் மெதுவாக நிறத்தைப் போக்கும், ஆனால் அது பதிலீட்டு வினை. இந்தச் சோதனையை வைத்து 'ஆல்கீன்தான்' என்று முடிவு கட்டவும் கூடாது: ஆல்கைனும் நிறத்தைப் போக்கும், பீனால் நிறத்தைப் போக்கி வெண்ணிற வீழ்படிவும் தரும்.

8. பெராக்சைடு விளைவு: விதி மாறவில்லை, வரிசைதான் மாறுகிறது

பெராக்சைடு இருந்தால் புரோப்பீன் 1-புரோமோபுரோப்பேன் தருகிறது. 'எதிர் மார்கோவ்னிகாஃப்' என்று பெயர் வைத்து விதிவிலக்காகப் படிப்பார்கள். எனக்கு அந்தப் பெயரே பிடிக்காது. விதி தலைகீழானது போல ஒரு எண்ணத்தைத் தருகிறது.

நடப்பது இதுதான். பெராக்சைடு பிளந்து தரும் தனி உறுப்பு, ஹைட்ரஜன் புரோமைடிலிருந்து ஹைட்ரஜனைப் பறிக்கிறது. மிஞ்சுவது புரோமின் தனி உறுப்பு. இப்போது முதலில் ஒட்டுவது புரோமின். அதுவும் முனைக் கார்பனுக்கே போகிறது, ஏனென்றால் அப்போதுதான் நடுவில் நிலையான ஈரிணைய தனி உறுப்பு கிடைக்கும். பிறகு அது இன்னொரு ஹைட்ரஜன் புரோமைடிலிருந்து ஹைட்ரஜனை எடுத்துக்கொள்கிறது.

ஐந்தாம் படியோடு ஒப்பிடுங்கள். இரண்டிலும் முதலில் வந்தது முனையில் ஒட்டியது. இரண்டிலும் நிலையான இடைநிலைப் பொருள் உருவானது. முதலில் வந்தது ஹைட்ரஜனா புரோமினா என்பதுதான் வேறுபாடு.

இது ஹைட்ரஜன் புரோமைடுக்கு மட்டும். ஹைட்ரஜன் குளோரைடின் பிணைப்பு வலுவானது. கார்பன் தனி உறுப்பால் அதிலிருந்து ஹைட்ரஜனை எளிதில் எடுக்க முடியாது. ஹைட்ரஜன் அயோடைடில் அயோடின் தனி உறுப்பு இரட்டைப் பிணைப்பில் ஒட்டுவதே ஆற்றலை உறிஞ்சும் அடி. எங்காவது ஓர் அடி வெப்பம் கொள்வதாக இருந்தால் சங்கிலி ஓடாது. கேள்வியில் 'பெராக்சைடு' என்ற சொல்லைக் கண்டதும் பேனாவை ஓட்டாமல், எந்த ஹாலைடு என்று பாருங்கள். இந்தக் கண்ணியை வினாத்தாள் தயாரிப்பவர்கள் விடுவதே இல்லை.

9. நீர் சேர்ப்பதற்கு இரண்டு வழி

அமில வழியில் முதலில் ஒட்டுவது ஹைட்ரஜன் அயனி. புரோப்பீன் புரோப்பன்-2-ஆல் தரும். குளிர்ந்த அடர் கந்தக அமிலத்தில் உறிஞ்சவைத்துப் பின் நீரோடு கொதிக்க வைத்தாலும் அதே விளைபொருள்தான்.

போரான் வழியில் முதலில் டைபோரேன், பிறகு காரக் கரைசலில் ஹைட்ரஜன் பெராக்சைடு. போரான் எலக்ட்ரான் குறைவுள்ளது, பருமனும் உண்டு. நெருக்கம் குறைந்த முனைக் கார்பனில் அது சேர, ஹைட்ரஜன் அதே நேரத்தில் பக்கத்துக் கார்பனில் சேர்கிறது. பிறகு போரான் இருந்த இடத்தில் ஹைட்ராக்சில் வரும். விளைவு புரோப்பன்-1-ஆல்.

இங்கே வரும் ஹைட்ரஜன் பெராக்சைடைப் பார்த்துவிட்டு எட்டாம் படியின் தனி உறுப்பு வினை என்று நினைத்துவிடாதீர்கள். இது இரண்டாம் கட்டத்தில், ஆக்சிஜனேற்றத்துக்காக வருவது.

10. ஆக்சிஜனேற்றம்: சேர்ப்பதும் உடைப்பதும்

குளிர்ந்த, நீர்த்த, காரப் பெர்மாங்கனேட் (பேயர் காரணி) பை பிணைப்பை மட்டும் தொடும். ஊதா நிறம் மறைந்து பழுப்பு மாங்கனீசு டைஆக்சைடு வீழ்படிவாகும், எத்தீனிலிருந்து எத்தேன்-1,2-டையால். ஆல்டிஹைடுகளும் பெர்மாங்கனேட்டின் நிறத்தைப் போக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சூடான, அமிலம் சேர்த்த பெர்மாங்கனேட் சிக்மாவையும் சேர்த்து உடைக்கும். இரட்டைப் பிணைப்புக் கார்பனில் எத்தனை ஹைட்ரஜன் என்று பாருங்கள். ஹைட்ரஜன் இல்லையென்றால் கீட்டோன். ஒன்று இருந்தால் கார்பாக்சிலிக் அமிலம். இரண்டு இருந்தால் கார்பன் டைஆக்சைடும் நீரும். 2-மெத்தில்புரோப்பீன் புரோப்பனோனையும் கார்பன் டைஆக்சைடையும் தரும். வாயுவாகப் போவதால் இரண்டாவதை எழுத மறந்துவிடுவார்கள்.

ஓசோனாற்பகுப்பும் இரட்டைப் பிணைப்பை வெட்டும், ஆனால் மென்மையானது. ஓசோன், பிறகு துத்தநாகமும் நீரும். ஆல்டிஹைடு ஆல்டிஹைடாகவே நிற்கும். துத்தநாகத்தின் வேலை, உருவாகும் ஹைட்ரஜன் பெராக்சைடை ஒழிப்பது. இல்லையென்றால் ஆல்டிஹைடு அமிலமாகிவிடும்.

தேர்வில் பெரும்பாலும் பின்னோக்கித்தான் கேட்பார்கள். எத்தனேலும் (அசிட்டால்டிஹைடு) புரோப்பனோனும் கிடைத்தன, ஆல்கீன் எது? இரண்டின் ஆக்சிஜன்களையும் ஒன்றையொன்று பார்க்கும்படி வரைந்து, ஆக்சிஜன்களை நீக்கி, அந்த இரு கார்பன்களையும் இரட்டைக் கோட்டால் இணையுங்கள். 2-மெத்தில்பியூட்-2-ஈன். புரோப்பனோன் மட்டுமே கிடைத்தால் இரண்டு புரோப்பனோனை இணைத்து 2,3-டைமெத்தில்பியூட்-2-ஈன். கார்பன்களை எண்ணிச் சரிபாருங்கள்.

வளைய ஆல்கீன் வந்தால் பலர் இரண்டு துண்டாக எழுதிவிடுகிறார்கள். வளையத்தில் ஓர் இடத்தை வெட்டினால் அது திறக்கும், இரண்டாகாது. சைக்ளோஹெக்சீன் தருவது ஹெக்சேன்டையேல் என்ற ஒரே மூலக்கூறு, இரு முனைகளிலும் ஆல்டிஹைடு.

பலபடியாக்கலுக்கு (பல ஆல்கீன் மூலக்கூறுகள் நீளச் சங்கிலியாக இணைவது) ஒரே எச்சரிக்கை: புரோப்பீனின் மூன்று கார்பன்களையும் நீளச் சங்கிலியில் வரிசையாக வைக்காதீர்கள். சங்கிலியில் வருவது இரட்டைப் பிணைப்பிலிருந்த இரண்டு கார்பன்கள். மெத்தில் கிளையாகத் தொங்கும்.

11. இப்போது தயாரிப்பு முறைகள்

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், ஆல்கஹாலிலிருந்து நீர் நீங்குவது அமில நீரேற்றத்தைப் பின்னோக்கி ஓட்டியதுதான். அதே கார்பன் நேரயனி, அதே இடமாற்றம். முன்னோக்கிப் புரிந்தவருக்கு இது புதிய பாடமே இல்லை.

எத்தனாலை அடர் கந்தக அமிலத்துடன் சுமார் 170 பாகை செல்சியசில் சூடாக்கினால் எத்தீன். 140 பாகையில், மிகுதியான எத்தனாலுடன், டைஎத்தில் ஈதர். வெப்பநிலையை எழுதாமல் விட்டால் விடை பாதிதான். மூவிணைய ஆல்கஹால்கள் மிக எளிதாக நீரை இழக்கும். பியூட்டன்-1-ஆல் பியூட்-1-ஈன் தரும் என்று எதிர்பார்ப்பீர்கள். இடமாற்றத்தால் பெரும்பாலும் வருவது பியூட்-2-ஈன்.

ஆல்கைல் ஹாலைடிலிருந்து தயாரிக்க ஆல்கஹாலில் கரைத்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வேண்டும். நீரில் கரைத்ததை எழுதினால் விளைபொருள் ஆல்கஹால் ஆகிவிடும். ஒரு சொல்லில் மதிப்பெண் போகும் இடம் இது. 2-புரோமோபியூட்டேனில் ஹைட்ரஜன் இரு பக்கமிருந்தும் நீங்கலாம்; அதிக ஆல்கைல் தொகுதிகள் கொண்ட பியூட்-2-ஈன் முதன்மை விளைபொருள். இதுவே சைட்செஃப் விதி. காரணம் நான்காம் படியில் பார்த்த நிலைப்புதான்.

ஆல்கைனிலிருந்து என்றால் ஹைட்ரஜனோடு லிண்ட்லார் வினைவேகமாற்றி (செயல்திறன் குறைக்கப்பட்ட பல்லேடியம்) சிஸ் தரும், சோடியமும் திரவ அம்மோனியாவும் டிரான்ஸ் தரும்.

12. மாற்றுக் கணக்குகள்

2-புரோமோபுரோப்பேனை 1-புரோமோபுரோப்பேனாக மாற்று என்பது போன்ற கேள்விகளில் நேராகப் புரோமினை நகர்த்தும் வழியைத் தேடாதீர்கள். நடுவில் ஆல்கீனைக் கொண்டு வாருங்கள்: ஆல்கஹால் கலந்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடால் புரோப்பீன், பிறகு பெராக்சைடுடன் ஹைட்ரஜன் புரோமைடு. 1-புரோமோபியூட்டேனிலிருந்து 2-புரோமோபியூட்டேனுக்கும் அதே பாதை, கடைசியில் பெராக்சைடு இல்லாமல். புரோப்பன்-2-ஆலிலிருந்து புரோப்பன்-1-ஆலுக்கு நீர் நீக்கம், பிறகு போரான் வழி.

ஆனால் 2-புரோமோபியூட்டேனை 1-புரோமோபியூட்டேனாக மாற்றச் சொன்னால் இதே பாதையைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதாதீர்கள். முதல் படியில் வருவது பெரும்பாலும் பியூட்-2-ஈன். அதன் இரட்டைப் பிணைப்பு நடுவில் இருக்கிறது; பெராக்சைடு போட்டாலும் போடாவிட்டாலும் புரோமின் 2ஆம் கார்பனில்தான் சேரும். அப்புறம் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடுவீர்கள். முதல் படியில் பொட்டாசியம் மூவிணைய பியூட்டாக்சைடு போன்ற பருமனான காரத்தை எழுதினால், அது நெருக்கம் குறைந்த முனை ஹைட்ரஜனை எளிதில் அணுகுவதால் பியூட்-1-ஈனின் பங்கு கூடும். அந்தப் பங்கு மட்டுமே பெராக்சைடு வழியில் 1-புரோமோபியூட்டேனாக மாறும்.